அலுப்புக்கு ஒரு டம்ளர் சுக்குமல்லி

நாள் முழுக்க அலைந்துவிட்டு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். அப்போது மூன்றாவது டீக்குப் பதில் சுக்குமல்லி குடித்துப் பாருங்கள்.

சுக்கு 50 கிராம், மல்லி 100 கிராம், மிளகு ஒரு டீஸ்பூன், ஏலக்காய் நாலு. கீழமாசி வீதிப் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும். சுக்கு வாங்கும்போது ஒடித்துப் பாருங்கள். உள்ளே பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது பூச்சி அரித்தது. மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். 'சுக்குக்குப் புறநஞ்சு' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மல்லியை மட்டும் வாசம் வரும்வரை வறுத்து, சுக்கைத் தட்டிப்போட்டு, எல்லாவற்றையும் கொரகொரவென்று அரைத்தால் போதும். நைஸாக அரைத்தால் டம்ளர் அடியில் சேறுமாதிரி நிற்கும்.

ஒன்றேகால் டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி, கொஞ்சம் கருப்பட்டி. ஒரு டம்ளராக வற்றியதும் வடிகட்டுங்கள். பால் வேண்டாம், என்னைக் கேட்டால் அது ருசியைக் கெடுக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். வயிற்றுப்புண் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாகியும் அசதி தீரவில்லையா? அப்புறம் கஷாயத்தை நம்பி உட்காராமல் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.