எல்லாரும் இரட்சிக்கப்படுவார்களா? வேதத்தில் ஆராய்ந்து படிக்கும் முறை

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். எல்லாரும் இரட்சிக்கப்பட தேவன் விரும்புகிறாரா? கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தாரா? கடைசியில் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்களா? மூன்றும் வேறு வேறு கேள்விகள். முதல் இரண்டுக்கான வசனத்தை மூன்றாவதற்குப் பதிலாகக் காட்டுவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. 1 தீமோத்தேயு 2:4 முதல் பத்திக்கும், 1 யோவான் 2:2 இரண்டாவதற்கும் உரியவை.

மூன்றாவது பத்தியில் ரோமர் 5:18, 1 கொரிந்தியர் 15:22, கொலோசெயர் 1:20 ஆகியவற்றை எழுதுங்கள். அவற்றுக்கு எதிரே மத்தேயு 25:46, 2 தெசலோனிக்கேயர் 1:9, வெளிப்படுத்தின விசேஷம் 20:15.

இனி முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். "எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்" என்ற 1 கொரிந்தியர் 15:22க்கு அடுத்த வசனமே, கிறிஸ்துவின் வருகையில் உயிர்ப்பிக்கப்படுகிறவர்களை "அவருடையவர்கள்" என்கிறது. சகலத்தையும் ஒப்புரவாக்குவதைச் சொன்ன பவுல், கொலோசெயர் 1:23இல் விசுவாசத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்கிறார். ரோமர் 5:17 கிருபையைப் "பெறுகிறவர்களை"க் குறித்துப் பேசுகிறது. ஆனாலும் 18ஆம் வசனத்தை இலேசாகத் தள்ளிவிடாதீர்கள். ஆதாமால் வந்த ஆக்கினையும் (தண்டனைத் தீர்ப்பும்) கிறிஸ்துவால் வந்த நீதியும் ஒரே அளவில் "எல்லா மனுஷருக்கும்" என்று நிற்கின்றன. எல்லாருக்கும் இரட்சிப்பு என்போருக்கு மிக வலுவான இடம் இதுவே.

மறுபக்கம் மத்தேயு 25:46 அதே அளவு கடினம். நித்திய ஆக்கினையும் நித்திய ஜீவனும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ஆக்கினைக்கு முடிவு உண்டு என்பவர், ஜீவனுக்கு மட்டும் ஏன் முடிவில்லை என்று விளக்கியாக வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 21:25இல் நகரத்தின் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை. 27இல் ஜீவபுஸ்தகத்தில் எழுதப்பட்டவர்கள் மாத்திரமே உள்ளே போகிறார்கள். ஒன்றை விட்டு மற்றொன்றை மேற்கோள் காட்டுவது நேர்மையல்ல.

இவற்றை நிறுத்துப் பார்த்தால், வேதம் இரட்சிப்பை எல்லாருக்கும் முன்வைக்கிறது, எல்லாரும் அதை அடைந்தே தீருவார்கள் என்று வாக்களிக்கவில்லை என்பதே எங்கள் முடிவு.

சபை வரலாற்றை இதற்குப் பிறகு எடுங்கள். ஆதிசபையின் இறையியலாளர்களில் 3ஆம் நூற்றாண்டில் ஓரிகனும் 4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியும் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்ற நம்பிக்கையோடு எழுதினார்கள், அகஸ்தீன் மறுத்தார். பெயர்களை முதலில் கேட்டுவிட்டால், வசனத்தைப் பார்க்காமலே கட்சி சேர்ந்துவிடுவோம்.

குழுவாகப் படித்தால் ரோமர் 5க்கு ஒரு முழு அமர்வு ஒதுக்குங்கள். லூக்கா 13:23-24ஐ முதலிலேயே வாசித்துவிடுங்கள்: "இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ" என்று கேட்டவனுக்கு இயேசு எண்ணிக்கை சொல்லவில்லை, இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படச் சொன்னார்.