சாகக் கிடக்கும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்: முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம்

லேப்டாப் ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிறது. ஃபோல்டரைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுநடுவே ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். இப்படி இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பழுதாகிவரும் டிஸ்க் இன்னும் இரண்டு மணி நேரம் ஓடுமா, இரண்டு நாள் ஓடுமா என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் அந்த ஓட்டத்தைச் சோதனைக்கும் ரிப்பேருக்கும் கொடுக்காமல் நகலெடுக்க மட்டும் கொடுக்க வேண்டும். தோண்டித் துருவுவதெல்லாம் நகலில்தான்.

அதனால்தான் விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு நிரலான செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள் என்கிறோம். அது கோப்பைக் காப்பாற்ற எழுதப்பட்ட நிரல் அல்ல. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு முறைமையின் கணக்கு சரியாக வந்தால் அதற்குப் போதும். படிக்க முடியாத இடத்தில் இருந்த ஃபோல்டர் பதிவைத் தூக்கிவிட்டு, உள்ளே இருந்தவற்றைப் பெயரில்லாத துண்டுகளாக்கிப் போட்டுவிடும். அதையும் நொண்டும் டிஸ்க்கின் மேலேயே எழுதும். விண்டோஸ் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கும் வித்தையும் வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே தரவு பதிந்திருக்கும் சுழல் தட்டின் மேல் ஈரம் படியும். படிக்கும் முனையான ஹெட் அந்தத் தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது.

சத்தத்தைக் கேளுங்கள்

பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை வெளியே எடுங்கள். பல மாடல்களில் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்று இருக்கும். பழுது அதில் இருந்து, டிஸ்க் நன்றாகவே இருப்பதும் உண்டு. டிஸ்க் தன் பிழைகளைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் 199ஆம் எண் ஏறி, 5, 197, 198 ஆகிய மூன்றும் பூஜ்யமாக இருந்தால் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். 197 ஏறியிருந்தால் படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) உள்ளன என்று பொருள்.

சுழன்று, சீரான இடைவெளியில் டிக் டிக் என்றால் பெரும்பாலும் ஹெட் போய்விட்டது. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் மின்சாரத்தைச் சரிபாருங்கள். இரண்டரை அங்குல டிஸ்க் 5 வோல்ட்டில் ஓடுவது. சுழலத் தொடங்கும்போது ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். யூஎஸ்பி 2 போர்ட்டின் வரம்பு 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட்டுக்கு 900. மின்சாரம் போதாமல் நல்ல டிஸ்க்கும் டிக் டிக் என்று திணறும். நல்ல கேபிளும் தனி மின் இணைப்பும் கொடுத்த பிறகும் அதே சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு டிக்கிலும் தட்டு கீறப்படலாம். சுழலாமல் ‘பீப்’ அல்லது முனகல் மட்டும் கேட்டால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். இரண்டுமே வீட்டில் பார்க்கும் வேலை அல்ல.

சுழல்கிறது, கணினிக்குத் தெரிகிறது, மெதுவாக இருக்கிறது, சில கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. இந்த வகை டிஸ்க்கைத்தான் நாமே மீட்கலாம்.

நகலெடுத்தல்

பழைய டிஸ்க்கைவிடப் பெரிய, நல்ல டிஸ்க் ஒன்று வேண்டும். 500 ஜிபி டிஸ்க்குக்கு 1 டிபி எடுத்துக்கொள்ளுங்கள். நகல் ஒரே பெரிய கோப்பாக வரும் என்பதால் அந்தப் புதிய டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மட் ஆனதாக இருக்கக் கூடாது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. மேசைக் கணினி கிடைத்தால் பழைய டிஸ்க்கை நேரே மதர்போர்டில் உள்ள சாட்டா என்ற டிஸ்க் போர்ட்டில் மாட்டுங்கள். யூஎஸ்பி அடாப்டர்களில் பல, மோசமான செக்டரில் மாட்டிக்கொண்டு அப்படியே உறைந்துவிடும்.

விண்டோஸில் செய்யாதீர்கள். டிஸ்க்கை மாட்டியதுமே அது உள்ளே நுழைந்து படிக்கவும் எழுதவும் தொடங்கிவிடும். சிஸ்டம் ரெஸ்க்யூ போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ, நகலிலிருந்து கோப்புகளை எடுக்கும் டெஸ்ட் டிஸ்க் இரண்டும் அதிலேயே உண்டு. உபுண்டு, டெபியன் பயன்படுத்துபவர்கள் டிடிரெஸ்க்யூவை ‘ஜிடிடிரெஸ்க்யூ’ என்ற பெயரில் தேட வேண்டும்.

எது பழையது, எது புதியது என்பதை டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடலும் அளவும் பார்த்து உறுதி செய்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் மீளவே முடியாத தவறு ஒன்று உண்டென்றால் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான்.

டிடிரெஸ்க்யூவுக்குக் கொடுக்கும் வரிசை: மூல டிஸ்க், நகல் கோப்பு, மேப் கோப்பு. மேப் கோப்பில்தான் எதைப் படித்தாயிற்று, எதைப் படிக்கவில்லை என்ற கணக்கு இருக்கும். அதைப் பென் டிரைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்தால் கணினியை அணைத்ததும் போய்விடும். நகல் டிஸ்க்கிலேயே வையுங்கள். முதல் ஓட்டத்தில் ‘மைனஸ் டி’, ‘மைனஸ் என்’ இரண்டையும் சேருங்கள். முதலாவது, இடையில் இருக்கும் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தைத் தவிர்த்து நேரே படிக்க. இரண்டாவது, மோசமான இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போக. சுலபமாக வருவதை எல்லாம் முதலில் வாரிக்கொள்ள வேண்டும். நல்ல நிலையில் உள்ள 500 ஜிபி டிஸ்க்குக்குச் சாட்டாவில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். பழுதானதற்கு ஒரு நாளும் ஆகலாம், பல நாளும் ஆகலாம். டிஸ்க் சூடாகாமல் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வையுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் ‘என்’னை எடுத்துவிட்டு, ‘மைனஸ் ஆர் 3’ சேர்த்து, அதே நகல் கோப்பு, அதே மேப் கோப்போடு மறுபடி ஓட்டுங்கள். விட்ட இடங்களை மட்டும் சுரண்டும். வராதவற்றை மூன்று முறை முயலும். நடுவில் நிறுத்த வேண்டுமானால் கன்ட்ரோல் சி. பிறகு அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. டிஸ்க் திடீரென்று இணைப்பை விட்டுவிட்டால், மீதி முழுவதையும் படிக்க முடியாதது என்று நிரல் சில நிமிடங்களில் குறித்துவிடக்கூடும். பிழை எண்ணிக்கை குபுகுபுவென்று ஏறினால் உடனே நிறுத்துங்கள். டிஸ்க்கின் மின்சாரத்தைத் துண்டித்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு மாட்டுங்கள். லினக்ஸ் டிஸ்க்குக்குக் கொடுத்த பெயர் எஸ்டிபி என்று இருந்தது இப்போது எஸ்டிசி ஆகியிருக்கலாம் என்பதால் பெயரை மறுபடி பாருங்கள். பிறகு பெரிய எழுத்து ‘ஏ’யைச் சேர்த்து ஓட்டினால், அப்படிக் குறித்த பகுதிகளைத் தொடாதவையாகக் கருதித் திரும்ப முயலும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் பெரிய எழுத்து ‘ஆர்’ சேருங்கள். கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படித்து வரும்.

நகலிலிருந்து எடுத்தல்

பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். நகல் கோப்பை லினக்ஸில் ரீட் ஒன்லியாக (எதுவும் எழுதாமல் படிக்க மட்டும்) மவுன்ட் செய்து, அதாவது டிஸ்க் போலத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எல்லா ஃபோல்டரும் அப்படியே நிற்கும். விண்டோஸில் செவன் ஜிப்பால் திறந்தும் பார்க்கலாம். திறக்கவில்லை என்றால் டெஸ்ட் டிஸ்க்கில் அந்தக் கோப்பைக் கொடுத்து, அனலைஸ், குவிக் சர்ச் என்று போய், கோப்புகள் இருந்த பார்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) மேல் நின்று ‘பி’ அழுத்துங்கள். கோப்புப் பட்டியல் வரும். முக்காற்புள்ளி விசையால் குறித்து, பெரிய ‘சி’ அழுத்தினால் நகலாகும். அதுவும் கைவிட்டால் கடைசியாக ஃபோட்டோ ரெக் என்ற நிரல். கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்தே தேடுவதால் பெயரும் ஃபோல்டரும் வராது. கல்யாண ஆல்பமும் ஆதார் ஸ்கேனும் எண்களாகக் கலந்து கிடக்கும்.

படிக்க முடியாத இடங்கள் நகலில் வெற்றாக நிற்கும். அதனால் அளவு சரியாக இருப்பதை நம்பாமல் முக்கியமானவற்றைத் திறந்து பாருங்கள். பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக நிற்கும் படம் இப்படி வந்ததுதான்.

சில லேப்டாப்களில் விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட் லாக்கர் டிஸ்க்கைத் தானாகவே பூட்டியிருக்கும். அந்த நகலில் ஃபோட்டோ ரெக் எதையும் காணாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 48 இலக்க மீட்பு எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நகலைக் காலியான வேறொரு டிஸ்க்கில் முழுதாக எழுதி விண்டோஸில் மாட்டினால் அந்த எண்ணைக் கேட்கும்.

லேபுக்குக் கொடுக்கும்போது

எந்தச் சத்தமும் இல்லாமல் கிடக்கும் டிஸ்க்கில் அடியில் உள்ள பச்சை போர்டு போயிருக்கலாம். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்பார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்தந்தத் தட்டுக்கும் ஹெட்டுக்கும் உரிய அளவுகள் போர்டில் உள்ள ரோம் என்ற நிரந்தர நினைவகச் சிப்பில் இருக்கும். அதைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் சால்டர் செய்ய வேண்டும். சில டிஸ்க்குகளில் அந்த ரோம் தனிச் சிப்பாகக்கூட இருக்காது.

டிஸ்க்கின் மூடியைத் தெருமுனைக் கடையில் திறக்க விடாதீர்கள். தூசி வடிகட்டிய மேசை இருக்கிறதா, அதே மாடல் மாற்று ஹெட் வைத்து வேலை செய்வார்களா, டேட்டா வராவிட்டால் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். கீழே விழுந்ததா, யாராவது திறந்தார்களா, எதை ஓட்டினீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுங்கள். மேப் கோப்பு இருந்தால் அதையும் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பகுதியை அவர்கள் மறுபடி படிக்க வேண்டியிருக்காது.