மான்மியத்தைத் திறக்கும் முன் அரைப்பக்கக் குறிப்பு

ஓர் இலக்கியப் படைப்பு பிடிபடவில்லை என்றால், அகராதியைப் புரட்டுவதற்கு முன் அக்காலத்து ஊர் வழக்கத்தை அரைப்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் நகைச்சுவை நூலான ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அன்று குமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது என்பதையும், நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒருவரின் சொத்தில் பெரும்பங்கு மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்கே போயிற்று என்பதையும் அறியாதவருக்கு, அந்நூலில் பேசும் மனைவியின் புலம்பல் வெறும் குடும்பச் சண்டையாகவே தோன்றும். அறிந்தவருக்கோ, காரணவர் (குடும்பத் தலைவரான அவள் கணவர்) கண்ணை மூடினால் தானும் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்க நேருமே என்ற அச்சம் நகைச்சுவைக்கு அடியிலும் கேட்கும்.

அதன்பின் ஒரே ஒரு விமர்சனக் கோணத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வாசியுங்கள். பெண்ணிய நோக்கில் பார்த்தால், பேசுவது பெண்குரல், எழுதியவர் ஆண் என்பதே கேள்வியாகிறது. எந்த வரியில் அவள் பேசுகிறாள், எந்த வரியில் சீர்திருத்தம் வேண்டும் கவிஞர் பேசுகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். (கோட்பாட்டு நூல்களை முடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் மூலத்துக்குத் திரும்புவதில்லை.) ஆதாரமாக ஒரு வரிகூடச் சிக்காத கோணத்தை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.