ஃபெரைல் கலையாமல் படிக அமைப்பை எடுப்பது எப்படி

ஹீம் (இரும்பைத் தாங்கும் வளைய மூலக்கூறு) உள்ள புரதத்தின் வினை இடைநிலையை எக்ஸ்-கதிரில் பார்க்கப் போனால், முதலில் அதைக் கெடுப்பது எக்ஸ்-கதிர்தான். கதிர் பட்டதும் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் உதிரும். ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில், +4 நிலையில் இருக்கும் இரும்பு (இதுதான் ஃபெரைல்) அவற்றை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். 100 கெல்வினில் உறையவைத்தாலும் எலக்ட்ரான் நகர்வது நிற்காது. கீழே உள்ள வேலைமுறை முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியதுதான்.

பழகுவதற்கு ஈஸ்டின் சைட்டோக்ரோம் சி பெராக்சிடேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்ததும் உருவாகும் அதன் முதல் இடைநிலையான காம்பவுண்ட் 1 நிதானமாகவே சிதைகிறது. படிகத்தை உறையவைக்க அவகாசம் கிடைக்கும். ஒரு ஃபெரைல் ஆக்சிஜன், கூடவே 191-ஆம் அமினோ அமிலமான டிரிப்டோஃபேனில் ஒரு ரேடிக்கல் (இணையற்ற எலக்ட்ரான்): இதுதான் அந்த இடைநிலை.

முதலில் கரைசலில் சோதியுங்கள். பெராக்சைடு புட்டியின் மேல் எழுதியிருக்கும் செறிவை நம்ப வேண்டாம். 30 சதவீதக் கரைசல் ஏறத்தாழ 9.8 மோலார், அதை 1000 மடங்கு நீர்த்து, 1 செ.மீ. குவெட்டில் 240 நானோமீட்டரில் பார்த்தால் உறிஞ்சல் 0.43 அளவில் வர வேண்டும் (குணகம் 43.6). பிறகு 5 மைக்ரோமோலார் புரதத்தில் 0.2 சமானமாக (ஒரு புரத மூலக்கூறுக்கு ஒரு பெராக்சைடு என்றால் 1 சமானம்) சேர்த்துக்கொண்டே போங்கள். 408 நானோமீட்டரில் இருக்கும் சோரெட் பட்டை (ஹீமின் மிக வலுவான உறிஞ்சல்) 420 பக்கம் நகரும். 530, 561-இல் இரண்டு முகடுகள் எழும். பழுப்பு சிவப்பாவது கண்ணுக்கே தெரியும். 1 சமானத்தில் மாற்றம் முடிந்துவிட வேண்டும். கூடுதலாகத் தேவைப்பட்டால் கேட்டலேஸ் கலப்படம் இருக்கலாம். மிக முன்னதாகவே நின்றுவிட்டால் புரதத்தில் ஒரு பங்கு செயலிழந்திருக்கிறது. பூஞ்சை வராமல் இருக்க அசைடு சேர்க்கும் பழக்கம் இங்கே ஆகாது. அது ஹீமில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் படிகங்கள் எம்பிடி (மெத்தில்பென்டேன்டையால்) கரைசலில், பிஎச் 6 அருகில் வளரும். உறையும்போது பனிக்கட்டி உருவாகாமல் தடுக்கும் உறைபாதுகாப்பும் எம்பிடியே ஆகிவிடுவதால் கிளிசரால் தேவையில்லை. வேறொரு புரதத்துக்குப் பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பயன்படுத்துகிறீர்கள் என்றால் புதுப் புட்டியைத் திறங்கள். பழைய பிஇஜியில் பெராக்சைடு தானாகவே சேர்ந்திருக்கும். 'ஓய்வுநிலை' என்று நீங்கள் நினைக்கும் படிகம் பாதி வினைபுரிந்ததாக இருக்கும்.

ஊறவைக்க, 10 மில்லிமோலார் பெராக்சைடு கலந்த தாய்க்கரைசல் (படிகம் வளர்ந்த கரைசல்) 50 மைக்ரோலிட்டர் போதும். படிகத்துக்குள் ஹீம் செறிவு ஏறத்தாழ 16 மில்லிமோலார், அதாவது வெளியே இருப்பதைவிட அதிகம். அதனால் வினை ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்துதான் போகும். எத்தனை நிமிடம் என்பதை உங்கள் படிகத்தின் தடிமன்தான் சொல்லும்; ஒன்று, மூன்று, ஐந்து நிமிடங்களில் ஒவ்வொன்றாக உறையவைத்து நிறமாலை எடுத்துப் பாருங்கள். இங்கே சோரெட்டைத் தேடாதீர்கள். 50 மைக்ரோமீட்டர் தடிமனிலேயே அதன் உறிஞ்சல் 7-ஐத் தாண்டும், கருவி சும்மா தட்டையாகத்தான் காட்டும். 500 முதல் 650 வரையுள்ள பகுதியைப் பாருங்கள்.

கதிரளவுதான் உயிர்நாடி. 20, 30 மெகாகிரே (உறிஞ்சிய கதிரளவின் அலகு) என்று சொல்லும் வரம்புகள் படிகத்தின் சிதறல் திறனுக்கானவை. ஃபெரைலோ அதற்கு வெகு முன்பே, 0.1 மெகாகிரேக்குள்ளேயே கரையத் தொடங்கலாம். ஆகவே ஒரே படிகத்தில் முழுத் தரவையும் எடுக்க ஆசைப்பட வேண்டாம். ஆறேழு படிகங்களில் ஒவ்வொன்றையும் 15 டிகிரி மட்டும் சுழற்றி, சற்று மேற்படிந்தாற்போல, ஒவ்வொரு முறையும் கதிர் படாத புது இடத்தில். தரவுக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் நிறமாலை எடுங்கள். 561 முகடு சரிந்திருந்தால் அந்தத் துண்டை வீசிவிடுங்கள், சிதறல் எவ்வளவு அழகாக இருந்தாலும். அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டி) மற்றவற்றோடு 1 சதவீதத்துக்கு மேல் வேறுபடும் படிகமும் சேர்க்கத் தகாது.

அமைப்பு மாதிரியைத் தரவுக்குப் பொருத்தும் செம்மையாக்கத்தில் இரும்பு–ஆக்சிஜன் தூரத்துக்குக் கட்டுப்பாடு போடாதீர்கள்; போட்டால் நீங்கள் கொடுத்த எண்ணே திரும்பி வரும். இரட்டைப் பிணைப்பு 1.65 ஆங்ஸ்ட்ராம் அளவில் நிற்க வேண்டும். 1.85-ஐத் தாண்டினால் ஒடுக்கப்பட்ட நிலையைத்தான் பார்க்கிறீர்கள். 2 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் இந்த வேறுபாட்டைப் பேசுவது வீண்; 1.5-க்கும் கீழே இறங்குங்கள். இரும்பைச் சுற்றி எழும் தொடர்முறிவு அலைகளும் (தரவு ஓரிடத்தில் நின்றுவிடுவதால் வரும் போலி அலைகள்) ஆக்சிஜனை நகர்த்திக் காட்டும். ஹீமுக்கு அருகிலுள்ள அமினோ அமிலமான ஆர்ஜினின் 48 ஃபெரைல் பக்கம் திரும்பியிருக்கிறதா என்பது நல்ல குறுக்குச் சோதனை.

ஆக்சிஜன் மேல் புரோட்டான் உண்டா என்ற கேள்விக்கு எக்ஸ்-கதிர் நேரடியாக விடை தராது. அதற்கு நியூட்ரான் வேண்டும், மிகப் பெரிய படிகமும் டியூட்டீரியப் பரிமாற்றமும் வேண்டும். இதே நொதியில் 2014-இல் வெளிவந்த நியூட்ரான் அமைப்பில் ஃபெரைல் ஆக்சிஜன் புரோட்டான் இல்லாமலும், ஹிஸ்டிடின் 52 இரண்டு புரோட்டான்களோடும் தெரிந்தன. நியூட்ரான் எலக்ட்ரானை உதிர்ப்பதில்லை. அங்கே கதிரளவுக் கணக்கே தேவைப்படாது.