வைல்ட்ஃபிளை சர்வரில் புதிய அட்மின்களைப் பழக்குவது எப்படி

வைல்ட்ஃபிளை என்பது ஜாவா அப்ளிகேஷன்களை இயக்கும் சர்வர் மென்பொருள். அதைப் பழக்க ஸ்லைடு காட்டித் தொடங்க வேண்டாம். ஆளுக்கொரு லினக்ஸ் மெஷின், 4 ஜிபி ரேம், ஜாவா 17 கொடுத்து நிறுவச் சொல்லுங்கள். 8080 போர்ட்டில் அப்ளிகேஷன் வரும், 9990-இல் நிர்வாக கன்சோல். வெளி மெஷினிலிருந்து கன்சோல் திறக்காது, காரணம் அது 127.0.0.1-இல், அதாவது அதே மெஷினுக்குள் மட்டுமே இயங்குகிறது. எங்கிருந்தும் திறக்கும்படி 0.0.0.0 என்று மாற்றக் கை துறுதுறுக்கும்; அதற்குப் பதில் எஸ்எஸ்ஹெச் டனலை (மறையாக்கம் செய்த இணைப்பு வழியே அந்த மெஷினின் போர்ட்டை அடையும் முறை) பழக்குங்கள்.

சர்வர் ஓடும்போது அதன் அமைப்புகள் இருக்கும் ஸ்டாண்டலோன் எக்ஸ்எம்எல் கோப்பைக் கையால் திருத்தக் கூடாது. கன்சோலிலோ கமாண்ட் லைனிலோ அடுத்த மாற்றம் செய்ததும், சர்வர் தன் நினைவில் இருப்பதை அதன்மேல் எழுதிவிடும். ஒருமுறை வேண்டுமென்றே அப்படித் தொலைக்க வையுங்கள், பிறகு மறக்காது.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலுக்குத்தான், அதாவது அப்ளிகேஷன் எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தரும் கனெக்‌ஷன்களின் தொகுப்புக்கு. இயல்பான உச்சவரம்பு 20. பயிற்சிக்கு அதை 2 ஆக்குங்கள். கனெக்‌ஷனை மூடாமல் விடும் சின்ன அப்ளிகேஷன் ஒன்றை ஏற்றி, மூன்று கோரிக்கை அனுப்புங்கள். மூன்றாவது 30 விநாடி காத்திருந்து பிழையாகும். பலர் உடனே பூலைப் பெரிதாக்குவார்கள். அது நோயை ஒத்திப்போடும், அவ்வளவுதான். அந்த 30 விநாடிக்குள் ஜாவாவுடன் வரும் ஜேஸ்டாக் கருவி கொண்டு 5 விநாடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்ற பதிவு) எடுக்கட்டும். மூன்றிலும் ஒரே த்ரெட் பூலுக்காகக் காத்து நின்றால், அடுத்து கனெக்‌ஷனை மூடாத நிரல் பகுதியைத் தேட வேண்டும்.

ஹீப் (ஜாவா தன் தரவை வைக்கும் மெமரி) நிரம்பும் பயிற்சிக்கு முன், மெமரி தீர்ந்ததும் ஹீப் டம்ப், அதாவது அதன் நகலை, டிஸ்க்கில் எழுதும் ஜேவிஎம் (ஜாவாவை இயக்கும் மென்பொருள்) விருப்பத்தை இயக்குங்கள். டிஸ்க்கில் ஹீப் அளவுக்காவது இடம் வேண்டும், இல்லாவிட்டால் டம்ப் அரைகுறையாக நிற்கும்.