ஜனவரியில் இறுகிய பிஸ்டன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் வீட்டுக் கொட்டகையில், மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்க ஒரு கைப்பம்பு செய்தேன். 30 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அலுமினியக் குழாய்; நைலான் தண்டில் கடைந்த பிஸ்டன். ஜூலையில் வழுக்கிக்கொண்டு போனது. ஜனவரியில் பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது.

குழாய்தான் நெளிந்துவிட்டது என்று இரண்டு நாள் அதையே உருட்டி உருட்டிப் பார்த்தேன். பிறகு கிரீஸ் பூசினேன், பயனில்லை. அலுமினியத்திலேயே ஒரு பிஸ்டன் கடைந்தேன். பத்து முறை அடித்ததுமே குழாயின் உட்சுவரில் சாம்பல்நிறக் கீறல்கள். அலுமினியமும் அலுமினியமும் உரசினால் ஒன்றையொன்று கவ்விப் பிய்த்துவிடும். அந்தக் குழாய் வீணாகிப் போனது.

பழைய நைலான் பிஸ்டனின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஜூலையில் 29.90 மில்லிமீட்டர் என்று குறித்திருந்தேன், இப்போது 30.04. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். டர்பனில் ஜூலை குளிர்காலம், வறண்டது; ஜனவரியோ கோடை, புழுக்கம். இளஞ்சூட்டு அடுப்பில் ஓர் இரவு வைத்தேன், காலையில் 29.95.

அசிட்டால் பிளாஸ்டிக் ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும். புதுக் குழாய்க்கு அதில் 29.80 அளவில் கடைந்து, காற்றை அடைக்கும் வேலையை நைட்ரைல் ரப்பர் வளையத்திடம் விட்டேன். வளையம் உட்காரும் பள்ளத்தின் ஓரங்களைப் பொடி உப்புத்தாளால் மழுக்க வேண்டும். கூராக விட்டால் ரப்பரைச் சீவிவிடும். மேலே சிலிக்கோன் கிரீஸ், ஒரு பட்டாணி அளவு.

பிப்ரவரிப் புழுக்கத்திலும் பிஸ்டன் தங்குதடையின்றி ஓடுகிறது. பெரிய நிம்மதி.