இறப்புக் காரணத்தில் 'இதயம் நின்றது' என்று எழுதாதீர்கள்

எங்கள் வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களிடம் (பயிற்சி மருத்துவர்களிடம்) நான் முதலில் சொல்வது இதைத்தான்: மருத்துவமனையில் இறந்தவருக்கு இறப்புக் காரணம் சான்றளிக்கும் படிவம் 4-இல் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' (இதயமும் மூச்சும் நின்றது) என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். யார் இறந்தாலும் இதயமும் மூச்சும் நிற்கத்தான் செய்யும். அதில் கொண்டுபோய் விட்ட நோய் எது என்றுதான் படிவம் கேட்கிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல வருடம் பீடி குடித்தவர். 15 வருடமாக சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கூடவே சர்க்கரை. காய்ச்சல், மூச்சுத்திணறலோடு வந்தார், எக்ஸ்ரேயில் நிமோனியா. நான்காம் நாள் விடியற்காலையில் இறந்துவிட்டார். இறப்புக்குக் கொண்டுபோன நோய்களை வரிசையாக எழுதும் பகுதி 1-இல் ஏ வரியில் நிமோனியா, எவ்வளவு காலமாக என்று கேட்கும் பக்கத்துக் கட்டத்தில் 4 நாள். பி வரியில் சி.ஓ.பி.டி.யின் முழுப் பெயர், 15 வருடம். சர்க்கரையும் பீடிப் பழக்கமும், இறப்புக்குத் துணைபோன மற்றவற்றை எழுதும் பகுதி 2-க்குப் போகும். எழுதியபின் கீழிருந்து மேலே படித்துப் பாருங்கள். 'இதனால் இது வந்தது' என்று தொடர்ச்சியாக வர வேண்டும். சரியாக எழுதினால், பகுதி 1-இன் கடைசி வரியில் இருக்கும் நோய்தான் புள்ளிவிவரத்தில் ஏறும்.

அரெஸ்ட் என்று மட்டும் எழுதியிருந்தால்? நோய்களை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் (ஐ.சி.டி.-10) இதயம் நின்றதைக் குறிக்கும் ஐ46 என்ற குறியீடு விழும். நுரையீரல் கெட்டு இறந்தவர் இதய நோய்க் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

இது சின்ன விஷயம் இல்லை. ஜப்பானில் 1995-இல் புதிய இறப்புச் சான்றிதழ் வந்தது. கடைசி நிலையாக வரும் இதயச் செயலிழப்பை, மூச்சுச் செயலிழப்பைக் காரணமாக எழுத வேண்டாம் என்று அதிலேயே அச்சிட்டார்கள். 1993-இல் சுமார் 1.8 லட்சமாக இருந்த இதய நோய் இறப்புகள், 1995-இல் 1.4 லட்சத்துக்கும் கீழே இறங்கின. இரண்டே வருடத்தில் இதய நோய் அவ்வளவு குறையவில்லை, எழுதும் முறைதான் மாறியது. நம் நாட்டில் 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். அந்தக் கொஞ்சமாவது சுத்தமாக இருக்க வேண்டாமா?

சுருக்கெழுத்து வேண்டாம். 'எம்.ஐ.' என்றால் மாரடைப்பும் ஆகலாம், மைட்ரல் வால்வுக் கசிவும் ஆகலாம். 'முதுமை' என்று எழுதினால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம்.

வீட்டில் நடந்த இறப்புக்கு, சிகிச்சை பார்த்த மருத்துவர் தருவது படிவம் 4ஏ. குடும்பத்தார் துக்கத்தில் இருப்பார்கள். உட்கார்ந்து, மெதுவாகக் கேளுங்கள். பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் இருக்கிறதா? இன்ஹேலர் அடிப்பாரா? வருடக்கணக்கில் சளியும் இருமலுமா, இல்லை திடீரென நெஞ்சுவலியா? கிடைத்ததை வைத்து ஒரு நோய்தான் இருக்கும் என்று தோன்றினால், 'இருக்கக்கூடும்' என்ற சொல்லோடு எழுதலாம். எந்தத் துப்பும் இல்லாதபோது மாரடைப்பு என்று ஊகித்துப் போடாமல், 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.